ராமானுஜனின் மூன்று குளிர்காலங்கள்

டிசம்பர் 22 வந்துட்டா டைம்லைன் முழுக்க ராமானுஜன்தான். 1729, டாக்ஸி, நாமகிரித் தாயார், முடிவிலி. கணக்கு தெரிஞ்சவங்க கணக்கைப் பத்தி எழுதட்டும், எனக்கு அது வராது. நான் அரசு மருத்துவமனையில ஓபி பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். ராமானுஜன்னு சொன்னா எனக்கு அவரோட கேஸ் ஷீட்தான் கண்ணுக்கு முன்னாடி வரும்.

அந்த 1729 கதையையே எடுத்துக்கங்க. டாக்ஸி நம்பர் சுவாரசியமா இல்லையேன்னு ஹார்டி சொன்னாரு, இல்லவே இல்ல, அது ரொம்ப சுவாரசியமான எண்ணுன்னு ராமானுஜன் உடனே பதில் சொன்னாரு. நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு நடந்த இடம் லண்டன் பட்னியில ஒரு நர்சிங் ஹோம். முப்பது வயசு ஆள் நோயாளியாகப் படுத்துக் கிடந்தார். ஹார்டி டாக்ஸியில வந்தது அவரை நலம் விசாரிக்க.

இது கொஞ்சம் நீளமான பதிவு. மார்கழி மாசத்துல சளி, இருமல், "சார், வைட்டமின் டி மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று ஓபியில் கேட்பவர்கள் கூடியிருப்பதால் எழுதுகிறேன். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

கதை 1914ல் ஆரம்பிக்குது. மார்ச் 17ஆம் தேதி மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் புறப்பட்டது. அதில் ராமானுஜன். ஏப்ரல் 14 லண்டன் வந்து சேர்ந்தார், பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. அதே கப்பலில் இன்னொரு நம்மாளும் போனார். டாக்டர் சௌரி முத்து. காசநோய் நிபுணர். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் மெண்டிப் மலையில் சொந்தமாக ஒரு காசநோய் சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தவர். கப்பலில் அறிமுகமான அந்த டாக்டரிடமே மூணரை வருஷம் கழிச்சு நோயாளியாகப் போய்ச் சேருவோம்னு ராமானுஜன் நினைச்சிருக்க மாட்டார். இந்த டாக்டர் பெயரை ஞாபகம் வச்சுக்கங்க. மறுபடி வருவார்.

போன சில மாதங்களில் முதல் உலகப்போர் வந்துவிட்டது. ராமானுஜன் ஆசாரமான வைணவக் குடும்பம், சுத்த சைவம். கல்லூரி உணவுக் கூடத்தில் சாப்பிட மாட்டார். தன் அறையிலேயே சமைத்துக்கொள்வார். ஊரிலிருந்து சில சாமான்கள் தபாலில் வரும். வேலையில் உட்கார்ந்தால் ராத்திரி பகல் கிடையாது, சாப்பாட்டுக்கும் நேரம் கிடையாது. போர் நீள நீள, சாதாரண காய்கறி, பால் கிடைப்பதே சிரமமானது. 1917ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைக் கட்டுப்பாடே இல்லாமல் மூழ்கடிக்க ஆரம்பித்தபோது பிரிட்டன்காரர்களுக்கே சாப்பாடு தட்டுப்பாடு. புளியும் பருப்பும் தேடுகிற ஒரு கும்பகோணத்துக்காரர் நிலைமையை யோசிச்சுக்கங்க.

குளிர் பற்றி ஒரு சம்பவம். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ராத்திரி குளிர் தாங்குதான்னு ராமானுஜனிடம் கேட்டிருக்கார். ஓவர்கோட் போட்டு, மேலே சால்வையும் சுத்திக்கிட்டுத்தான் தூங்குறேன், அப்பவும் குளிருது என்றாராம். மகலனோபிஸ் போய்ப் படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு அப்படியே இருக்கு. அதை உருவி, உள்ளே நுழைந்து படுக்கணும்னு ராமானுஜனுக்கு யாருமே சொல்லித்தரல. விரிப்புக்கு மேலேயே படுத்திருந்திருக்கார்.

இதைப் படிச்சா நமக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஆனா கம்பளியால் சரிபண்ண முடியாத இன்னொரு பற்றாக்குறை அந்த ஊர்க் குளிர்காலத்தில் இருக்கு. அதுதான் வெயில்.

சும்மா "அங்க வெயில் கம்மி" என்று சொல்லிவிட்டால் புரியாது. ஒரு சின்னக் கணக்கு. (ராமானுஜன் மன்னிப்பாராக.) டிசம்பர் 22 வருஷத்திலேயே குட்டையான பகல். அன்னிக்கு மதுரையில் பகல் சுமார் 11½ மணி நேரம், கேம்பிரிட்ஜில் சுமார் 7¾ மணி நேரம். நேரத்தைவிட முக்கியம் சூரியன் நிற்கிற உயரம். மதுரை 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கு, அன்றைய உச்சிவேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து 57 டிகிரி உயரத்தில் நிற்கும். கேம்பிரிட்ஜ் 52 டிகிரியில் இருக்கு, அங்கே வெறும் 14 டிகிரி. தமுக்கம் மைதானத்தில் 12¼ மணிக்கு நிற்கும் அஞ்சரை அடி மனுஷனுக்கு நிழல் மூணரை அடி சொச்சம். அதே ஆள் அதே நாள் கேம்பிரிட்ஜில் நின்றால் நிழல் 21 அடி!

நிழல் ஏன் முக்கியம்? நம்ம தோலில் கொலஸ்டிரால் தயாராகும் பாதையில் வருகிற ஒரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியிலிருக்கிற புற ஊதா பி கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டி ஆக மாறும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி சாய்வாக, ரொம்பத் தூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வரணும். வழியிலேயே ஓசோன் அந்தக் கதிரை வடிகட்டிவிடும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும், இதமாகக்கூட இருக்கும், ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாகாது. 1988ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் (42 டிகிரி) சோதித்துப் பார்த்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் வைத்தாலும் தோலில் உற்பத்தி நடக்கவில்லை. அதைவிட வடக்கே 53½ டிகிரியில் இருக்கிற கனடாவின் எட்மண்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை. கேம்பிரிட்ஜும் அதுக்குப் பக்கத்தில், 52 டிகிரிதான்.

ஆக வருஷத்தில் ஆறு மாசம் உற்பத்தி பூஜ்ஜியம். மிச்சம் ஆறு மாசத்திலும் நம்மாள் அறைக்குள்ளேயே கணக்குப் போடுகிறார், வெளியே வந்தாலும் கோட்டு, சூட்டு, காலர். நம்ம தோல் நிறம் வேற. மெலனின் என்பது பிறவியிலேயே போட்டுவிட்ட சன்ஸ்கிரீன். மதுரை வெயிலுக்கு அது வரம். அந்த ஊர் வெயிலில் ஒரு வெள்ளைக்காரருக்கு ஆகிற நேரத்தைப் போல் பல மடங்கு நேரம் நமக்குத் தேவைப்படும். சரி, சாப்பாட்டில் கிடைக்குமா? வைட்டமின் டி இயற்கையாக அதிகம் இருப்பது கொழுப்புள்ள மீன், மீன் ஈரல் எண்ணெய், கொஞ்சம் முட்டை மஞ்சள் கரு. சைவச் சாப்பாட்டில் ஏறக்குறைய இல்லை, பாலிலும் இயற்கையாகக் கொஞ்சம்தான். பிரிட்டனில் மார்ஜரினில் கட்டாயமாகச் சேர்க்க ஆரம்பித்ததே அடுத்த உலகப்போரில், 1940ல்.

ஊரிலிருந்து உடம்பில் கொண்டுபோன இருப்பு எத்தனை நாள் வரும்? ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். கொழுப்பில் சேமிச்சது சில மாதம் இழுக்கும். 1914-15, 1915-16, 1916-17 என்று மூன்று குளிர்காலம் கடந்தது. 1917 வசந்த காலத்தில் ராமானுஜன் படுத்துவிட்டார்.

முதலில் கேம்பிரிட்ஜிலேயே ஒரு நர்சிங் விடுதி. அப்புறம் அந்த வருஷக் கடைசியில் மெண்டிப் மலை. ஆமாம், கப்பலில் வந்த அதே சௌரி முத்துவின் சானடோரியம். பிறகு டெர்பிஷயரில் மேட்லாக், பிறகு லண்டன், பிறகு பட்னி. அந்தக் காலத்துக் காசநோய் வைத்தியம் என்பது சுத்தமான காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு. குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து போடுவார்கள். நெருப்பு மூட்டித் தர மாட்டார்கள். கணக்கு எழுத விரல் மடங்காத குளிர். குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் பேப்பர் பேனாவோடு அங்கே போய் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன் என்கிற மாதிரி ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். 1918 மே மாசம் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனவர் இந்த மனுஷன்தான்.

இப்ப மருத்துவ வரலாறு பக்கம் வாங்க. தேதிகளைப் பார்த்தா வயிறெரியும்.

ரிக்கெட்ஸ் என்று ஒரு நோய். குழந்தைகளுக்குக் கால் வில்லாக வளையும், எலும்பு கெட்டிப்படாது. பிரிட்டனின் புகை மண்டிய தொழிற்சாலை நகரங்களில் குழந்தைகளை வாட்டியது. ஜப்பானில் மருத்துவ ஊழியம் பார்த்த தியோபால்ட் பாம் என்பவர் 1890லேயே சொன்னார்: வெயில் அடிக்கிற நாடுகளில், ஏழைகள் மத்தியில்கூட இந்த நோய் அபூர்வம், காரணம் சூரிய ஒளி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1918, 1919ல் எட்வர்ட் மெல்லன்பி வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்த நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் மாதிரியான தானிய உணவு கொடுத்து ரிக்கெட்ஸ் வரவைத்தார், காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துத் தடுத்தார். எங்கே? லண்டனில். ராமானுஜன் அதே ஊரில் படுத்துக் கிடந்த காலம். 1919ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கு வைத்தே குழந்தைகளின் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தினார். 1922ல் அமெரிக்காவில் மெக்காலம் இது தனி வைட்டமின் என்று காட்டினார். ஏ, பி, சி ஏற்கெனவே வச்சாச்சு, அதனால டி. 1928ல் விண்டாஸுக்கு நோபல் பரிசு.

ராமானுஜன் 1919 பிப்ரவரி கடைசியில் கப்பல் ஏறினார். 1920 ஏப்ரல் 26, மெட்ராஸ் சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32. அந்த எழுத்துக்குப் பெயர் வைக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

இங்கே நிறுத்திவிட்டால் நல்ல வாட்ஸ்அப் கதை. "வைட்டமின் டி குறைவால் இறந்த கணித மேதை"ன்னு தலைப்பும் ரெடி. நிறுத்தக் கூடாது. டாக்டராக இருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆகணும்: அவருக்கு வந்தது நிஜமாகவே காசநோய்தானா?

அன்றைய டாக்டர்களுக்கே குழப்பம். முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். அப்புறம் காசநோய். 1910ல் அவருக்கு விரைவீக்கத்துக்கு நடந்த ஆபரேஷனை வைத்து, புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்குமோ என்றுகூட ஒரு சந்தேகம். விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடை குறைவு, வலி. 1994ல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய பதிவுகளையெல்லாம் அலசி வேறு முடிவுக்கு வந்தார்: ஈரலில் அமீபா சீழ்க்கட்டி. 1906ல் மெட்ராஸில் படிக்கும்போது வந்த வயிற்றுக்கடுப்பின் கிருமி வருஷக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருந்து ஈரலைத் தாக்கியிருக்கலாம் என்பது அவர் வாதம். அப்படியென்றால் இன்னும் கொடுமை. அமீபாவுக்கு எமெட்டின் ஊசி போடலாம் என்று லியனார்ட் ரோஜர்ஸ் கல்கத்தாவில் 1912லேயே காட்டிவிட்டார். மருந்து இருந்தது. கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை.

என் அபிப்பிராயம்? யங் சொல்வதில் வலு இருக்கு. ஆனால் நூறு வருஷம் கழித்து ஸ்கேன் எடுக்க முடியாது. காசநோயாக இருந்திருந்தால், அந்த மூன்று குளிர்காலம் அவரது உடம்பின் எதிர்ப்பைக் குலைத்திருக்கும் என்று நம்பக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் ராமானுஜனிடமிருந்து கிடைத்தவை இல்லை, அவருக்கு அப்புறம் பிரிட்டன் போன நம் மக்களிடமிருந்து கிடைத்தவை.

1962ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸும், பெரியவர்களுக்கு எலும்பு மெலிவும் இருப்பதை டாக்டர்கள் எழுதினார்கள். அந்த நோய் பிரிட்டனில் ஒழிந்துவிட்டதாக நினைத்திருந்த நேரம். 1990களில் தெற்கு லண்டனில் ஆசிய மக்களிடையே நடந்த ஒரு ஆய்வில், தினமும் மீனோ இறைச்சியோ சாப்பிடுகிறவர்களைவிடப் பாலோடு நிறுத்திக்கொள்ளும் சைவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 8 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. சின்ன ஆய்வு. அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்க வேண்டாம், திசையை மட்டும் பாருங்க. (பி12, இரும்புச் சத்து என்று மற்ற குறைகளும் அதில் கலந்திருக்கும். சைவம் கெட்டது என்று கிளம்பிடாதீங்க. மதுரை வெயிலில் இருக்கிற சைவருக்கு இந்தக் கணக்கே வேற.) 2006ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. நம் ரத்தத்தில் இருக்கும் காவல்கார அணுக்கள் காசநோய்க் கிருமியைச் சந்திக்கும்போது, அதைக் கொல்லும் ஒரு புரதத்தைத் தயாரிக்க வைட்டமின் டி தேவைப்படுகிறது என்று சோதனைக் கூடத்தில் தெரியவந்தது.

ஆகா, அப்போ வைட்டமின் டி கொடுத்தால் காசநோயைத் தடுத்துவிடலாமே என்று உலகமே எதிர்பார்த்தது. நியாயமான எதிர்பார்ப்புதான். சோதித்தும் பார்த்தார்கள். மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரில் 8,851 பள்ளிக் குழந்தைகள். குளிர் எலும்பைத் துளைக்கும் ஊர், கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் வைட்டமின் டி குறைவு. பாதிப் பேருக்கு வாரம் 14,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, மூன்று வருஷம். 2020ல் முடிவு வந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி அழகாக ஏறியது. காசநோய்த் தொற்று? மருந்து எடுத்தவர்களில் 3.6 சதவீதம், எடுக்காதவர்களில் 3.3 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை.

சோதனைக் கூடத்தில் நடப்பது ஒன்று, ஊரில் நடப்பது ஒன்று. இதை உலகத்துக்கு முதலில் ஓங்கிச் சொன்ன ஊர்களில் நம்ம சென்னையும் ஒன்று. அதுக்கு மறுபடி சௌரி முத்துவிடம் போகணும்.

அவர் பின்னர் இந்தியா வந்து 1928ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் "தாம்பரம் சானடோரியம்" ஸ்டேஷனைத் தினமும் தாண்டுகிறார்கள். அந்தப் பெயர் வந்த கதை இதுதான். இன்னிக்கும் அங்கே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கு. ஈரோட்டுப் பக்கம் பெருந்துறை, மதுரைக்குத் தோப்பூர் ஆஸ்டின்பட்டி என்று ஊருக்கு வெளியே, மரமும் காற்றும் வெட்டவெளியுமாகக் காசநோய் ஆஸ்பத்திரிகளைக் கட்டியதற்குப் பின்னாலும் அதே யோசனைதான். தோப்பூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இவ்வளவு தள்ளி ஏன் கட்டினாங்கன்னு நிறையப் பேர் கேட்பாங்க. காற்றும் வெயிலும் ஓய்வும்தான் மருந்து என்று நம்பிய காலம் அது. ஊருக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

1956ல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே மருந்தை (ஐசோனியாசிட், பாஸ்) ஒரு வருஷம் கொடுக்கிறோம். ஒரு கூட்டம் சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வோடு. இன்னொரு கூட்டம் அவரவர் வீட்டில். வீடு என்றால் மெட்ராஸின் நெரிசலான ஏழைக் குடியிருப்பு, கிடைத்த சாப்பாடு, முடிந்தால் வேலை. 1959ல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் சுமார் 92 சதவீதம், வீட்டில் சுமார் 86 சதவீதம். ஏறக்குறைய சமம். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் கூடவும் இல்லை. மருந்தை ஒழுங்காக முழுசாக எடுத்தால் போதும், மலையும் வேண்டாம், மரமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இருக்கிற இடம் சேத்துப்பட்டு. ராமானுஜன் கடைசி மூச்சு விட்ட அதே சேத்துப்பட்டு!

அதே நிறுவனமும் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 2023ல் வந்தது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1½ கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. தனியாக வைட்டமின் டி சாதிக்காததை வயிறாரச் சாப்பாடு சாதித்தது. ராமானுஜன் கதையில் எனக்கு இப்பவும் வெயிலைவிட அதிகமாக உறுத்துவது அந்தப் போர்க்காலத்துக் காலித் தட்டுதான்.

சரி, மதுரைக்கு வருவோம்.

நம்ம ஊர் மார்கழி, தை மாசத்துல புற ஊதா பி கதிருக்குப் பஞ்சமே கிடையாது. நிழல் கணக்கு மேலேயே போட்டாச்சு. நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் வைட்டமின் டி தயாராகிற நேரம் என்று எளிதாக வச்சுக்கங்க. திருப்பதியில் நடந்த ஆய்விலும் காலை 11 முதல் மதியம் 2 வரைதான் உற்பத்தி நல்லா நடக்குதுன்னு வந்தது. காலையில் ஆறரை மணி இளவெயிலில் வைகைக் கரையில் வாக்கிங் போவது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரொம்ப நல்லது. வைட்டமின் டி அதுல வராது. கார் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் வராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

அப்புறம் ஏன் வெயில் ஊரிலேயே இத்தனை பேருக்குக் குறைவு? அதே திருப்பதி ஆய்வுகள் பதில் சொல்லுது. வயல்வேலை பார்க்கும் கிராமத்து மக்களுக்கு நகரத்து மக்களைவிட அளவு கூடுதல். ஆனாலும் அவர்களிலும் பலருக்குப் போதவில்லை, காரணம் சாப்பாட்டில் கால்சியம் ரொம்பக் கம்மி. கால்சியம் குறைந்தால் உடம்பு வைட்டமின் டியை வேகமாகச் செலவழிக்கும். மேலூர்ப் பக்கம் நாற்று நடுகிற அக்காவுக்குத் தேவை மாத்திரையைவிட ஒரு தம்ளர் பால், கேழ்வரகு, எள்ளு. நகரத்துக்குள்ள கதை வேற. அபார்ட்மெண்ட் மூணாவது மாடியில் முழங்கால் வலியோடு இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற அப்பத்தா, நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கும் ஐடி தம்பி, உடம்பு முழுக்க மூடி வெளியே போகிற பெண்கள், வலிப்பு மாத்திரை வருஷக்கணக்கில் எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இவங்கதான் நிஜமாகவே மதுரைக்குள்ளேயே கேம்பிரிட்ஜில் வாழ்கிறவர்கள். முன்னெல்லாம் துணி காயப்போட, வத்தல் காயப்போட என்று மொட்டை மாடிக்கு மதியத்தில் ஒரு நடை இருந்தது. இப்ப அதுவும் போச்சு.

வாரத்தில் மூணு நாலு நாள், கையும் காலும் முகமும் படும்படி, மதியத்துக்கு முன்னப்பின்ன 20, 30 நிமிஷம். டிசம்பர், ஜனவரியில் அது சுகமாகவே இருக்கும். சித்திரையில் அப்படி நிற்காதீங்க, வெயில் தாக்கிடும்.

ரத்தப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை. அமெரிக்க எண்டோகிரைன் சங்கமே 2024ல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே சொன்ன பட்டியலில் இருக்கிறவர்கள், எலும்பு வலி, தசை பலவீனம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு எடுங்க.

இப்ப முக்கியமான சமாச்சாரம், 60,000 யூனிட் பொடி, மாத்திரை. குறைவு இருப்பவருக்கு அது வழக்கமாக வாரம் ஒன்று, சில வாரங்கள். அதை "சத்து மாத்திரைதானே"ன்னு தினமும் ஒன்று போட்டுக்கொண்டு வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், குழப்பமான பேச்சோடு வருபவர்களைப் பார்க்கிறோம். ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் அடிவாங்கிய நிலை. வைட்டமின் சி மாதிரி அதிகமானால் சிறுநீரில் போய்விடுகிற சமாச்சாரம் இல்லை இது, கொழுப்பில் சேர்ந்து மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும். காசநோய் இருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. அந்த நோயில் வீங்கிய திசுக்களே வைட்டமின் டியை முறுக்கிவிட்டுக் கால்சியத்தை ஏற்றும்.

குளிர்காலச் சளி, காய்ச்சலுக்கு வைட்டமின் டி கவசமா என்றால், ஆரம்பத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆய்வுகள் சேரச் சேர அந்தப் பலன் கரைந்துகொண்டே வருகிறது. வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேளுங்க, அது உருப்படியான வேலை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மார்கழிப் பனி மேல் பழி போடாமல் பக்கத்து அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்க. இலவசம். காசநோய் என்று வந்தால் மருந்தும் இலவசம், சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

லண்டன், டொராண்டோ, ஆஸ்லோவில் இருந்து படிக்கிற நம் சொந்தங்களுக்கு மட்டும் வேற கணக்கு. உங்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலை நம்பிப் பயனில்லை. பிரிட்டிஷ் அரசே குளிர்காலத்தில் எல்லாரும் தினம் 400 யூனிட் எடுக்கலாம் என்றும், நம்மைப் போன்ற நிறத்துக்காரர்கள் வருஷம் முழுக்க யோசிக்கணும் என்றும் சொல்கிறது. சின்ன மாத்திரை, கடையிலேயே கிடைக்கும். சைவமாக இருந்தால் டப்பாவில் டி2 என்றோ, பாசியிலிருந்து எடுத்த டி3 என்றோ போட்டிருக்கிறதா பாருங்க.

கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க கமெண்டில் கேட்பீங்க, இங்கேயே சொல்லிடறேன். தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு, அதனால் ஒரு வயசு வரைக்கும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் இருக்கு, 800 உள்ளதும் இருக்கு. பாட்டிலை மாற்றும்போது லேபிளைப் படிச்சுட்டு அளவை ஊத்துங்க.